மரியாதையோடு மீறுதல்

1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் எட்டுச் சமயத் தலைவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழு பேர் கிறிஸ்தவ ஆயர்களும் போதகர்களும். ஒருவர் யூத ரபி. எட்டுப் பேரும் வெள்ளையர்கள். நகரில் கருப்பின மக்கள் நடத்திவந்த ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலம் பொருந்தாதவை, வெளியாட்களால் ஓரளவு நடத்தப்படுபவை என்றது அந்த அறிக்கை. உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டும், உள்ளூர்த் தலைவர்களோடு பேச வேண்டும்; தெருவில் இறங்கக் கூடாது என்றது. காவல்துறை நிதானமாக நடந்துகொண்டதற்குப் பாராட்டும் தெரிவித்தது. அதே நாளில், நீதிமன்றத் தடையாணையை மீறி ஒரு சிறு ஊர்வலம் ஆலயத்திலிருந்து புறப்பட்டது. அதை நடத்திச் சென்றவர்களும் போதகர்களே. மார்ட்டின் லூதர் கிங்கும் ரால்ஃப் அபர்நாத்தியும் உட்பட ஏறக்குறைய ஐம்பது பேர் கைதானார்கள். தனிச்சிறையில், செய்தித்தாளின் ஓரத்து வெற்றிடத்தில், கிங் அந்த எட்டுப் பேருக்குப் பதில் எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 16 தேதியிட்ட அந்தப் பதிலைத்தான் பர்மிங்காம் சிறைக் கடிதம் என்று உலகம் அறியும்.

இவ்விரு தரப்பில் எது கிறிஸ்துவுக்கு அருகில் நின்றது என்று இன்று கேட்டால் விடை சொல்ல யாரும் தயங்குவதில்லை. அந்தத் தயக்கமின்மையைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அன்று அந்நகரில் வாழ்ந்த வெள்ளையரில் மிதமானவர்கள், வன்முறையை வெறுத்தவர்கள், ஒழுங்காக ஆலயம் சென்றவர்கள் பெரும்பாலும் எட்டுப் பேரின் பக்கம்தான் இருந்தார்கள். நல்லெண்ணத்தோடே இருந்தார்கள். அவர்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துப் பார்த்தால்தான், எதிர்ப்பும் சட்டமறுப்பும் கிறிஸ்தவ அறத்தில் எங்கே நிற்கின்றன என்று சொல்ல முடியும்.

அரசுக்குக் கீழ்ப்படிய மறுக்கலாமா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. இயேசுவின் பெயரால் போதிக்கக் கூடாது என்று எருசலேமின் ஆலோசனைச் சங்கம் உத்தரவிட்டபோது, பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் தங்களுக்கு அதைவிட மேலான கட்டளை இருக்கிறது என்று சொல்லி மறுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் இதைப் பதிவுசெய்திருக்கிறது. மறுபக்கம், ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அமெரிக்க அடிமை முறையைக் காத்தவர்களும், ஹிட்லர் அரசுக்குப் பணிந்த ஜெர்மன் போதகர்களும், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு இறையியல் எழுதியவர்களும் இந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள். ஆனால் அந்த அதிகாரத்துக்கு முந்தையது தீமைக்குத் தீமை செய்யாதிருக்கச் சொல்கிறது. அந்த அதிகாரத்தின் நடுவிலேயே அன்புதான் சட்டத்தின் நிறைவு என்ற கருத்து வருகிறது. எழுதியவரோ பலமுறை சிறையிருந்தவர், மூன்று முறை பிரம்படி பட்டவர். அரசு தேவை என்று பவுல் நம்பினார். அரசு சொல்வதெல்லாம் சரி என்று நம்பிய மனிதரின் வாழ்க்கை அப்படி இருந்திருக்காது.

கடினமான கேள்வி அடுத்ததுதான். மறுப்பது எப்படி? எந்த நடத்தையில் மறுப்பு எதிராளியையும் மனிதனாக மதிக்கிறது? இதற்கு வேதத்தில் கோட்பாடு எதுவும் வகுக்கப்படவில்லை. சம்பவங்கள் இருக்கின்றன.

அவற்றில் பிலிப்பி நகரச் சம்பவம் போதுமான கவனம் பெறாதது. பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் ஊர் நடுவே அடித்துச் சிறையில் போடுகிறார்கள். இரவில் நிலநடுக்கம். கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைக்காவலன் தற்கொலை செய்துகொள்ளப் போகிறான். பவுல் சத்தமிட்டு அவனைத் தடுக்கிறார், யாரும் ஓடவில்லை. விடிந்ததும் நகர அதிகாரிகள் ஆளனுப்பி அவர்களை விடுவிக்கச் சொல்கிறார்கள். இப்போது பவுல் வெளியே போக மறுக்கிறார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் எல்லோர் முன்னும் அடித்தவர்கள் இரகசியமாக அனுப்பிவைக்கப் பார்க்கிறார்களா, அவர்களே நேரில் வரட்டும் என்கிறார். அவர்கள் வருகிறார்கள், சமாதானம் பேசுகிறார்கள், ஊரைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறார்கள். பவுலும் சீலாவும் லீதியாளின் வீட்டில் விசுவாசிகளைச் சந்தித்துத் திடப்படுத்திவிட்டுப் புறப்படுகிறார்கள்.

தப்பிக்க வழி இருந்தபோது, ஒரு சிறைக்காவலனின் உயிருக்காகப் பவுல் சிறைக்குள் இருந்தார். கௌரவமாக விலகிப்போக வழி கிடைத்தபோது, அநீதி மூடி மறைக்கப்படக் கூடாது என்பதற்காக நகர மறுத்தார். கடைநிலை ஊழியனின் உயிர் மீது கரிசனம். மேலதிகாரிகளின் பொறுப்பு மீது விட்டுக்கொடுக்காமை. அவர் பழிவாங்கவில்லை. தண்டனை கேட்கவில்லை. வெளிப்படையாகச் செய்த தவற்றை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஊரில் புதிதாகத் தோன்றியிருந்த சிறு சபைக்கு அந்த ஒப்புதல் ஒரு பாதுகாப்பாகவும் இருந்திருக்கும். மரியாதையான எதிர்ப்புக்கு இதைவிடத் தெளிவான படம் புதிய ஏற்பாட்டில் இல்லை எனலாம்.

இயேசுவின் விசாரணையிலும் இதே தன்மை உண்டு. பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். இயேசு திருப்பி அடிக்கவுமில்லை, மௌனமாக இருக்கவுமில்லை. தான் பேசியதில் தவறிருந்தால் எடுத்துக்காட்டச் சொல்கிறார். இல்லையென்றால் எதற்காக அடித்தாய் என்று கேட்கிறார். அடித்தவனைச் சிந்திக்கத் தெரிந்த ஒருவனாக நடத்தும் கேள்வி அது. இதை மென்மை என்று மட்டும் புரிந்துகொண்டால் தவறு. இதே இயேசுதான் ஏரோதை நரி என்றார். ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தார். தானியேலோ அரண்மனை உணவை ஏற்க முடியாத நிலையில் முதலில் அனுமதி கேட்டார், பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பிற்காலத்தில் ஜெபத்துக்கே தடை வந்தபோது, பலகணிகளைத் திறந்துவைத்துக்கொண்டு வழக்கம்போல ஜெபம் செய்தார். கேட்டுப் பார்ப்பது, பிறகு மறைக்காமல் மீறுவது, விளைவைத் தன் உடம்பில் ஏற்பது. இந்த வரிசை பர்மிங்காமிலும் அப்படியே திரும்ப வந்தது.

1963இல் பர்மிங்காம் மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் கருப்பினத்தவர். பூங்காக்களைப் பொதுவாக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னபோது, நகராட்சி பூங்காக்களையே மூடிவிட்டது. கருப்பினத்தவர் வீடுகளும் ஆலயங்களும் தொடர்ந்து வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பாப்டிஸ்ட் போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் வீடு 1956 கிறிஸ்துமஸ் இரவில் குண்டுவெடிப்பில் இடிந்தது. அடுத்த ஆண்டு தன் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது சங்கிலிகளால் அடிக்கப்பட்டார். 1962 செப்டம்பரில் அவரும் மற்றவர்களும் கடைக்காரர்களோடு பேசினார்கள். நிறம் பிரித்துக் காட்டும் பலகைகளை எடுப்பதாகச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். எடுத்தார்கள், சில வாரங்களில் பலகைகள் மீண்டும் தொங்கின. பிறகு நகரத் தேர்தல் வந்தது. காவல்துறைக்குப் பொறுப்பாயிருந்த யூஜின் கானர் மேயர் பதவிக்குப் போட்டியிட்டார். ஆர்ப்பாட்டம் அவருக்கு வாக்காக மாறிவிடக் கூடாது என்று கருப்பினத்தவர் உரிமை இயக்கம் ஏப்ரல் 2இல் மறு வாக்கெடுப்பு முடியும்வரை பொறுத்தது. ஏப்ரல் 3இல் முதல் மறியல் தொடங்கியது. அன்றே இயக்கத்தின் சார்பில் ஒரு பெண் கானரிடம் சென்று ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டார். அனுமதி கிடையாது, வேண்டுமானால் சிறைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்பதே பதில். ஏப்ரல் 10இல், மறுதரப்பைக் கேட்காமலே, மாநில நீதிபதி ஒருவர் எல்லா ஆர்ப்பாட்டத்துக்கும் தடையாணை பிறப்பித்தார்.

காலம் பொருந்தவில்லை என்ற குற்றச்சாட்டை இந்த வரிசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எட்டுப் பேரும் இந்த விவரங்களில் பலவற்றை அறிந்தவர்கள்.

ஆனால் அவர்கள் வாதத்தின் வலு வேறிடத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில், ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், நிறப்பிரிவினை என்றைக்கும் நீடிக்கும் என்று முழங்கியபோது, இதே சமயத் தலைவர்கள் அவரைப் போன்றவர்களுக்கு எதிராக அறிக்கை விட்டவர்கள். நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று வெள்ளையருக்குச் சொன்னார்கள். அதற்காக வசவும் மிரட்டலும் வாங்கினார்கள். ஆகவே ஏப்ரலில் அவர்கள் கேட்டது ஒருதலைப்பட்சமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. வாலஸ் நீதிமன்றத்தை மீறக் கூடாதென்றால் கிங் மட்டும் மீறலாமா? ஒவ்வொருவர் மனச்சாட்சியும் தனக்கொரு சட்டம் எழுதிக்கொண்டால், பலமுள்ளவனின் மனச்சாட்சிதானே இறுதியில் ஆளும்? சட்டத்தின் பாதுகாப்பு யாரைவிடவும் ஒடுக்கப்பட்டவனுக்குத்தான் தேவை என்பதால், இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கிங் தந்த பதிலின் மையம், மீறுபவன் எப்படி மீறுகிறான் என்பதில் இருக்கிறது. வெளிப்படையாக மீறுகிறானா, அன்போடு மீறுகிறானா, தண்டனையை ஏற்கத் தயாரா? நிறப்பிரிவினைக்காரர்கள் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பை மீறியபோது தண்டனையை ஏற்க முன்வரவில்லை. சட்டத்தின் பிடியிலிருந்து நழுவவே பார்த்தார்கள், பலர் முகமூடியோடும் இருளிலும். அடுத்து, அந்தச் சட்டம் யாரால், யாருக்காக இயற்றப்பட்டது என்று கேட்டார். பெரும்பான்மை தன்மீது சுமத்திக்கொள்ளாத ஒன்றைச் சிறுபான்மைமீது சுமத்தினால், அதை இயற்றியபோது சிறுபான்மைக்கு வாக்கே இல்லாதிருந்தால், அதைச் சட்டம் என்று சொல்வதிலேயே குறை இருக்கிறது. நியாயமற்ற சட்டம் சட்டமே ஆகாது என்ற அகஸ்தீனின் கருத்தையும் தாமஸ் அக்குவினாஸின் கருத்தையும் துணைக்கு அழைத்தார்.

இங்கே கிங் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்வது நேர்மை. அக்குவினாஸ், மனிதநலனுக்கு எதிரான சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை என்றபின் ஒரு விலக்கையும் சேர்த்தார்: ஊரில் இடறலோ கலவரமோ வராமலிருக்க வேண்டிய இடத்தில், ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கீழ்ப்படியலாம். எட்டுப் பேரும் இறையியல் வழியில் பதில் எழுதியிருந்தால் இந்த விலக்கையே பிடித்திருக்கலாம். அந்த வாதம் எங்கே உடையும் என்று பார்ப்பதும் முக்கியம். விட்டுக்கொடுக்கும் அந்த உரிமை விட்டுக்கொடுப்பவனுடையதாக இருக்க வேண்டும். என் சட்டையை நான் கொடுக்கலாம்; பக்கத்துவீட்டுக்காரன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதைத் தாராளம் என்று சொல்ல முடியாது. பர்மிங்காமில் அமைதிக்காகப் பொறுத்துப்போகச் சொன்னவர்கள் எவருடைய பிள்ளைக்கும் பூங்காவின் கதவு நிறத்துக்காக மூடப்பட்டதில்லை. அவர்கள் நல்லவர்களாக இருந்தும் அவர்கள் அறிவுரை தவறியது இந்த இடத்தில்தான். காத்திருப்பின் செலவை யார் கொடுக்கிறார் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

இந்தியத் திருச்சபையிலும் இதே விவாதம் 33 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. 1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது, ஆங்கிலிக்கன் சபையின் இந்தியத் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் சட்டமறுப்பைக் கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாததாகக் கண்டார். அவரோடு வாதாடியவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. காந்தி சிறையிலிருந்தபோது 'யங் இந்தியா' இதழைக் கவனித்தவர். சத்தியாகிரகம் இயேசுவின் வழிக்கு வெகு நெருக்கமானது என்பதே அவர் நிலை. அவரும் சிறை சென்றார். பேராயர் ஒழுங்கின் பக்கமும், சாதாரண சபையார் ஒருவர் சிலுவையின் பக்கமும் நின்ற அந்த விவாதத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போதிய அளவு நினைவில் வைக்காதது வருத்தத்துக்குரியது.

எதிர்ப்பு மரியாதையானதா என்பதை நோக்கம் தீர்மானிப்பதில்லை, பயிற்சிதான் தீர்மானிக்கிறது. இது பர்மிங்காமுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொரியப் போருக்குச் செல்ல மறுத்துச் சிறையிருந்த மெதடிஸ்ட் இளைஞர் ஜேம்ஸ் லாசன், 1950களில் நாக்பூரின் ஹிஸ்லப் கல்லூரியில் மிஷனரியாகப் பணியாற்றியபோது காந்தியின் முறையைப் படித்தவர். அமெரிக்கா திரும்பி, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சிலர் எதிராளியாக நடித்து வசைபாடுவார்கள், தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பித் தாக்காமல், தலை குனியாமல் உட்கார்ந்திருக்கப் பழகுவார்கள். டயேன் நாஷ், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல் ஆகியோர் அங்கே பயின்றவர்கள்.

பர்மிங்காமில் தொண்டராகச் சேர்ந்தவர் ஒவ்வொருவரும் பத்து உறுதிமொழிகள் கொண்ட அட்டையில் கையெழுத்திட வேண்டும். இயேசுவின் வாழ்வைத் தினமும் தியானிப்பது, இயக்கம் நீதியையும் ஒப்புரவையும் தேடுகிறதே ஒழிய வெற்றியை அல்ல என்பதை மறவாதிருப்பது, நண்பரிடமும் பகைவரிடமும் ஒரே பண்போடு நடப்பது, கையாலும் நாவாலும் நெஞ்சாலும் வன்முறை செய்யாதிருப்பது ஆகியவை அதில் இருந்தன. ஆயுதம் வைத்திருந்தவர்கள் கூட்டத்திலேயே ஒப்படைத்தார்கள். அடிபட்டாலும் திருப்பி அடிக்காமல் இருக்கத் தம்மால் முடியாது என்று உணர்ந்தவர்களுக்குத் தொலைபேசி, தட்டச்சு, வெளிவேலைகள் என வேறு வேலை தரப்பட்டது. அந்த நேர்மை முக்கியமானது. தன் கோபத்தை அடக்க முடியாதவனை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை; முன்வரிசைக்கும் அனுப்பவில்லை. ஒரு போராட்டத்தின் கிறிஸ்தவத் தன்மையைப் பதாகையில் எழுதியிருக்கும் வசனத்தைக்கொண்டு அளப்பவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். ஒப்புரவு இறுதி இலக்கு என்றால், நாளைக்கு இதே கடைக்காரனோடு, இதே போலீஸ்காரனோடு ஒரே ஊரில் வாழ வேண்டும் என்பது இன்றைய நடத்தைக்குள் நுழைந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னபிறகும் பர்மிங்காமின் ஒரு முடிவு மனத்தை உறுத்துகிறது. சிறை செல்லப் பெரியவர்கள் குறைந்தபோது, மே 2இல், ஜேம்ஸ் பெவலின் முன்முயற்சியில் பள்ளிப் பிள்ளைகள் ஆலயத்திலிருந்து ஊர்வலமாக வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் முதல் நாளே கைதானார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். மறுநாள் கானரின் ஆட்கள் தீயணைப்புக் குழாய்களால் நீர் பாய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். அந்தப் படங்கள் உலகெங்கும் அச்சாகின. மே 10இல் உடன்பாடு வந்தது. பிள்ளைகளை முன்னால் நிறுத்தியதை கருப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் கண்டித்தார், கூட்டாட்சி அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடியும் கவலை தெரிவித்தார். கிங்கே முதலில் தயங்கியவர்.

தானே ஏற்கும் துன்பம்தான் சட்டமறுப்புக்கு அறத்தின் பலத்தைத் தருகிறது என்றால், பத்து வயதுப் பிள்ளை எந்த அளவுக்குத் தானே ஏற்கிறது? அந்தப் பிள்ளைகள் நிறப்பிரிவினையை ஒவ்வொரு நாளும் அனுபவித்தவர்கள், அதன் துன்பத்திலிருந்து யாரும் அவர்களைப் பாதுகாத்து வைக்கவில்லை என்ற பதில் உண்மையானது. இருந்தாலும் அது முழுப் பதில் ஆகாது. நீதியை வென்ற ஒரு செயலில் அறத்தின் கடன் மிச்சமிருக்கலாம். பர்மிங்காமை நேசிப்பவர்கள் அந்தக் கடனை ஒப்புக்கொள்வதால் அதன் பெருமை குறைந்துவிடாது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல், 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. அந்தப் பாவம் வைத்தவர்களுடையது. போராடியவர்கள் தலையில் ஒருபோதும் ஏற்றக் கூடாது.

நீதிமன்ற ஆணையை மீறியது பற்றியும் ஒரு நெருடல் உண்டு. 1962இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தடையாணைக்குக் கிங் கட்டுப்பட்டார். இயக்கத்தின் வேகம் அங்கே தளர்ந்தது. பர்மிங்காமில் மாநில நீதிமன்ற ஆணையை மீறினார். எந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவது என்று ஒருவரே தேர்ந்துகொள்வது நல்ல வழக்கமா? வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1967இல், ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், தடையாணை தவறாக இருந்தாலும் அதை முதலில் நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க வேண்டும், மீறியிருக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் கிங் மீண்டும் அலபாமாவுக்குப் போய் தண்டனையை அனுபவித்தார். அப்போது அவர் நோபல் பரிசு பெற்றவர். தப்பிக்க வழி தேடாமல் சிறைக்குள் போனார். 1969இல், அவர் கொல்லப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஷட்டில்ஸ்வொர்த்தின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஊர்வல அனுமதி பற்றிய நகரச் சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் அரசமைப்புக்கு முரணானது என்றது. நீதிமன்ற வழி நியாயத்தை அடைந்தது. ஆறு ஆண்டுகள் ஆயின. ஈஸ்டர் வியாபாரத்தைப் புறக்கணித்துக் கடைக்காரர்களைப் பேச்சுக்கு இழுக்கத் திட்டமிட்டவர்கள் அந்த ஆறு ஆண்டுகள் தெருவை விட்டு விலகியிருந்தால், 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் அந்த ஆண்டில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. கிங் சட்டத்தை மதித்தார் என்பதற்கு, அவர் மீறிய ஊர்வலத்தோடு அவர் ஏற்ற ஐந்து நாள் தண்டனையையும் சேர்த்தே சாட்சியாக வைக்க வேண்டும்.

வெளிப்படையாக மீறு, தண்டனையை ஏற்றுக்கொள் என்பதை எல்லாக் காலத்துக்கும் பொது விதியாக்கிவிடுவது மற்றொரு பிழை. யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனை மீறினார்கள். கேட்டபோது பொய்யும் சொன்னார்கள். வேதம் அவர்களைக் குறைசொல்லவில்லை. உயிர் பறிக்கும் அரசின் முன் ஒளிவுமறைவின்மை, ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும். பிரான்சின் லெ ஷாம்போன் கிராமம் இதை நுட்பமாகப் புரிந்துகொண்டது. அங்கே போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயின் சபை, 1940 முதல் யூத அகதிகளை வீடுகளிலும் பண்ணைகளிலும் மறைத்தது. 1942 கோடையில், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் உயர் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தபோது, மாணவர்கள் அவர் கையிலேயே ஒரு கடிதம் கொடுத்தார்கள்: யூதர், யூதரல்லாதோர் என்ற வேறுபாட்டை நாங்கள் ஏற்பதில்லை, கட்டளை வந்தாலும் கீழ்ப்படிய மாட்டோம் என்ற பொருளில். தங்கள் நிலை என்ன என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எங்கே, யார் என்பதை மட்டும் மறைத்தார்கள். த்ரோக்மேயின் உறவினர் தானியேல், தன் பொறுப்பிலிருந்த மாணவர்களோடு கைதாகி 1944இல் வதைமுகாமில் இறந்தார்.

மனச்சாட்சியின் பெயரால் நடக்கும் எல்லா மறுப்பும் இந்த வரிசையில் சேராது. 2015இல் கென்டக்கி மாநிலத்தில், ஒருபாலினத் திருமணங்களுக்குச் சட்ட அனுமதி வந்தபின், தன் விசுவாசத்தைக் காரணம் காட்டி ஒரு மாவட்ட எழுத்தர் உரிமம் வழங்க மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையிருந்தார். வெளிப்படையாக மீறினார், தண்டனையையும் ஏற்றார். வெளித்தோற்றத்தில் எல்லாம் பொருந்துகிறது. திருமணம் பற்றி அவர் சபை போதிப்பதைச் சரி என்று நம்புவோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அவர் தன் உரிமைக்கான கதவைத் தட்டினாரா, தன் கையிலிருந்த சாவியால் மற்றவர்கள் கதவைப் பூட்டினாரா? அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மனச்சாட்சி உறுத்தினால் பதவி விலகும் வழி இருக்கிறது. அந்த வழி கடினமானது, ஊதியத்தைப் பறிப்பது. தானியேல் அரண்மனை உணவை மறுத்தபோது மற்றவர்கள் தட்டைத் தட்டிவிடவில்லை. அந்த எழுத்தரின் மனச்சாட்சியை ஏளனம் செய்வது தகாது; ஆனாலும் அவர் செய்ததைப் பர்மிங்காமோடு ஒன்றாக வைக்க முடியாது.

அந்த எட்டுப் பேரைப் பற்றிய செய்தியில் ஒரு பகுதி பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. கிங்கின் கடிதம் அவர்களில் எவருக்கும் தனியாக அனுப்பப்படவில்லை. உலகத்தோடு சேர்ந்துதான் அவர்களும் அதை வாசித்தார்கள். நிறப்பிரிவினைக்காரர்களிடம் ஏற்கெனவே வசை வாங்கியவர்கள், இப்போது மறுபக்கத்திலிருந்தும் கோழைகள் என்ற பெயர் வாங்கினார்கள். அது சிலருக்குக் கடைசிவரை வலித்தது. நேரில் பேசாத ஒருவரை உலகின் முன் எதிராளியாக நிறுத்துவதில் ஒரு குறை இருக்கிறதுதான். ஆயினும் கடிதம் அவர்களைச் சக ஊழியர்களாகவே விளித்தது. பாப்டிஸ்ட் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று தன் ஆலயத்துக்கு வந்த கருப்பினத்தவரை உள்ளே வழிபட அனுமதித்தவர். கிங் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தன் சபையிலேயே எதிர்ப்பைச் சந்தித்த ஸ்டாலிங்ஸ் பின்னர் அந்த நகரைவிட்டுச் சென்றார்.

எட்டுப் பேரில் இளையவர்களுள் ஒருவரான கத்தோலிக்கத் துணை ஆயர் ஜோசப் டூரிக், 1964இல் டென்னசியின் நாஷ்வில்லுக்கு மாற்றப்பட்டார். பர்மிங்காமில் பொறுமையைப் பரிந்துரைத்தவர் அங்கே கருப்பினத்தவர் உரிமைக்காகவும் ஏழைகளுக்காகவும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். மரணதண்டனைக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். அவர் பேசவிருந்த இடங்களில் அவருடைய மக்களே மறியல் செய்தார்கள்.  டூரிக் நிறுத்தவில்லை.